அறுபதில் மூன்று

எங்கள் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், காது அறையில், செங்கல் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மேலே பார்க்கும் அம்பு, இன்னொன்றில் கீழே பார்க்கும் அம்பு. தினமும் காலையில் அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைப்பது என் வேலை. துடைக்கும்போதெல்லாம் அதை ஜன்னல் வழியாக ஆற்றில் வீசிவிடலாமா என்று கை பரபரக்கும். இதுவரை வீசவில்லை. பெட்டிமேல் என்ன தப்பு? தப்புச் செய்தவர்கள் எல்லாரும் இரண்டு கால் உள்ளவர்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

என் அண்ணி புரூலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கோபமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அதற்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் மலைமேல் மேய்ச்சல் வெளியில் பிறந்தவள். என் அண்ணன் எசென் அவளைக் கட்டிக்கொண்டு தாஷ்-கெச்சூவில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. மெத்தைச் சுருளுக்குள் சுற்றி ஒரு கொமுஸ் கொண்டுவந்தாள். வாதுமை மரத்தில் குடைந்த, மூன்று நரம்பு வாத்தியம். சீதனமாக வந்ததில் அதைத் தவிர வேறு எதையும் அவள் தன்னுடையது என்று சொன்னதில்லை.

வந்த மூன்றாம் நாளே எங்கள் எல்லாருக்கும் புதுப் பெயர் வைத்துவிட்டாள். புகுந்த வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இந்தக் காலத்துப் பெண்கள் அதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்? புரூல் பார்த்தாள். என் சித்தப்பா பெயருக்கு இரும்பு என்று பொருள். அதனால் இரும்பு வாளியைக்கூட அவள் 'கனமான வாளி' என்றுதான் சொல்வாள். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் எனக்கு மைனா என்று பெயர் வைத்தாள். என் உண்மைப் பெயர் கெரெஸ். வருஷக்கணக்காக ஒரு தடவைகூட அவள் வாயில் அது வரவில்லை. மாடு முட்ட வந்த அன்றுகூட "மைனா, ஓடுடி!" என்றுதான் கத்தினாள்.

கொமுஸ் வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் அப்பா வாசிக்கும்போது அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பண்பாட்டு மன்ற இசைக்குழுவில் சேர்ந்தபோது தலைவர் சப்பார் ஐந்து கோடு போட்ட இசைத்தாளை அவள்முன் வைத்தார். அண்ணி குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, வேலிமேல ஆட்டுப் புழுக்கை ஒட்டின மாதிரி இருக்கு" என்றாள். குழுவே சிரித்தது. சப்பார் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதற்கப்புறம் கொண்டுவரவே இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும், அவள் வாசித்துவிடுவாள். மற்றவர்கள் தங்கள் நரம்பைச் சேர்ப்பதற்கும் அவளிடம்தான் வருவார்கள். "இன்னும் ஒரு மயிரிழை மெல்லிசாக்கு. போதும். ஐயோ, தாண்டிட்ட, திரும்பி வா" என்று அடுப்பங்கரையில் உப்புப் பார்ப்பது போலச் சொல்வாள்.

அவள் காது எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். எங்கள் வீட்டில் தினமும் காலையில் பெரிய வெந்நீர்க் குடுவையில் தேநீர் ஊற்றி வைப்பது அண்ணியின் வேலை. ஒருநாளும் அவள் குடுவையைப் பார்த்து ஊற்றியதில்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரி கோழி விரட்டுவதைப் பார்த்தபடியே, அவளைப் பற்றி என்னிடம் வம்பு பேசியபடியே ஊற்றுவாள். குடுவை நிரம்ப நிரம்ப உள்ளே விழும் சத்தம் தடியிலிருந்து, கனத்த குரலிலிருந்து, மெல்லிசாகிக்கொண்டே வரும். சரியாகக் கழுத்து வந்ததும் கெண்டியை நிமிர்த்துவாள். மேசைமேல் ஒரு சொட்டு சிந்தாது.

மூன்று வருஷத்துக்கு முன், பிப்ரவரியில், தண்ணீர்க் குழாயடியில் பனிக்கட்டி வழுக்கி மல்லாந்து விழுந்தாள். வலப்பக்க மண்டையில் ரத்தம் கட்டிவிட்டது. தலைநகருக்குக் கொண்டுபோய்த் திறந்து எடுத்தார்கள். அந்த அறுவை செய்தவர் கைக்கு நான் இன்றைக்கும் முத்தம் கொடுப்பேன். ஏப்ரலில் மொட்டைத் தலையும் முக்காடுமாகத் திரும்பி வந்தாள். நடை சரியாக இருந்தது, பேச்சு சரியாக இருந்தது, என்னைக் கேலி செய்வதும் சரியாகவே இருந்தது. இடது கை விரல்கள் மட்டும் மந்தமாக இருந்தன. வலப்பக்க மூளையில் அடிபட்டால் இடது கைதான் தளரும். இது நர்ஸ் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது. நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவள்.

ஒத்திகைக்குப் போனாள். விரல் நேரத்துக்குப் போய் விழவில்லை. அங்கங்கே சுருதி பிசகியது.

"கை இன்னும் தூங்குதுங்க. ரெண்டு மாசம் குடுங்க" என்றாள்.

"கையா காதா, யாருக்குத் தெரியும்?" என்றார் சப்பார். "தலையில அடிபட்டவங்க டாக்டர் சீட்டு கொண்டு வரணும். சட்டம் அப்படி."

சட்டம்! அதே குழுவில் பாதிக் குடியில் வந்து வாசிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் இதுவரை யாரும் சீட்டு கேட்கவில்லை.

அந்த மே மாதம்தான் எங்கள் மருத்துவமனைக்குப் பெட்டி வந்தது. கூடவே தலைநகரில் மூன்று மாதம் பயிற்சி முடித்துவிட்டு டாக்டர் மெலிஸ் தோரோபெகோவிச்சும் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் அவசரக்காரர். புதிதாகப் படித்ததை எங்கேயாவது பொருத்திப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நானே என் அண்ணியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினேன்.

அன்றைக்கு நடையில் முப்பது பேர் காத்திருந்தார்கள். பெட்டியில் முதலில் ஒரு பழகும் சுற்று உண்டு. இரண்டு ஒலி வரும், பொத்தானை அழுத்தினால் சரியா தப்பா என்று பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழகறதெல்லாம் வேணாம், கெரெஸ். நேரா அறுபதுக்குப் போ" என்றார் என்னிடம். பிறகு அண்ணியின் காதில் செவிக்குமிழை மாட்டி, "ரெண்டு சத்தம் வரும். ரெண்டாவது எந்தப் பக்கம் போகுதோ அந்த அம்பை அழுத்துங்க. புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுது" என்றாள் அண்ணி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒருமுறைகூடத் தயங்கவில்லை. ஒலி முடிவதற்குள் விரல் அழுத்திவிடும். டக், டக், டக். அறுபது ஜோடியும் ஆறு நிமிஷத்தில் முடிந்தது. பெட்டியின் சிறு கண்ணாடித் திரையில் எண் வந்தது. நான் பார்த்துப் படிவத்தில் எழுதினேன்: அறுபதில் மூன்று.

என் பேனா. என் கையெழுத்து.

டாக்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் வருத்தம் இல்லை, சந்தோஷம். மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"படிச்சது அப்படியே கண்ணு முன்னாடி வந்து உக்காந்திருக்கு!" என்றார். "பாருங்கம்மா, வலது காதுக்கு மேல, மூளையில விரல் நுனி அளவு ஒரு இடம் இருக்கு. அங்க அடிபட்டா ரெண்டு சத்தமும் வேற வேறன்னு தெரியும். ஆனா எது ஏறிச்சு, எது இறங்கிச்சுன்னு தெரியாது. உங்களுக்கு அந்த இடம்தான் போயிருக்கு."

"ஆனா எனக்குத் தெரியுதே, டாக்டர்."

"தெரியற மாதிரி இருக்கும். தப்பா தெரியுது."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் தலையாட்டும்போது நானும் தலையாட்டிப் பழகியவள். ஆட்டினேன்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஜூனில் இசைக்குழுவிலிருந்து நீக்கினார்கள். மருத்துவக் கமிஷன் கூடி அவளை ஊனமுற்றோர் பட்டியலில் சேர்த்தது. அவள் நாற்காலியில் சப்பாரின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். அவன் வாசிப்பது சிரங்கு சொறிவது போல இருக்கும். அவனிடமும் யாரும் சீட்டு கேட்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், அண்ணி அதை நம்பினாள். பதினைந்து வருஷமாக ஊரே நம்பிய காதை அவளே நம்பாமல் போனாள். கொமுஸின் நரம்புகளைத் தளர்த்தி, துணி சுற்றி, அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஆகஸ்டுக்குள் இடது கை முழுக்கச் சரியாகிவிட்டது. உருளைக்கிழங்கு உரிக்கும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்போதும் கொமுஸைத் தொடவில்லை. பாத்திரம் கழுவும்போது ஏதாவது முனகுவாள், பாதியில் நிறுத்திக்கொள்வாள், அடி வாங்கிய பிள்ளை போல.

ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மைனா, அந்தக் குருவி கத்துதில்ல. அது நெஜமா எப்படிடி கத்துது? எனக்கு மெல்லிசுல ஆரம்பிச்சு தடியில முடியற மாதிரி கேக்குது. நெஜத்துல வேற மாதிரியா?"

நானும் கேட்டேன். மெல்லிசில் ஆரம்பித்துத் தடியில்தான் முடிந்தது. சொல்லியிருக்கலாம். 'அப்படித்தான் அண்ணி, நீங்க கேக்கறது சரிதான்' என்று நாலு வார்த்தை. ஆனால் என் தலைக்குள் படிவம்தான் இருந்தது. தற்செயலாக ஒன்று சரியாக விழுந்திருக்கும், அறுபதில் மூன்று வரும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"அதையெல்லாம் யோசிக்காதீங்க அண்ணி. போகப் போகப் பழகிடும்" என்றேன். இந்த வாக்கியத்தை நாங்கள் காலை எடுத்தவர்களிடமும் சொல்வோம், கண் போனவர்களிடமும் சொல்வோம்.

மறுநாள் காலையிலும் அவள் ஜன்னலைப் பார்த்தபடிதான் குடுவையில் தேநீர் ஊற்றினாள். கழுத்து வந்ததும் நிறுத்தினாள். நான் எதிரில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் அவளுடைய அம்மா இறந்துபோனாள்.

நானும் அண்ணனும் அவளை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனோம். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலை உள்ளே வைத்திருந்தார்கள். பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே குதிரையில் ஆட்கள் வந்து இறங்க இறங்கக் குரல் எழும்பும். செத்தவளின் மகள் பாடுவதற்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். அதுவும் புரூல் மாதிரி ஒரு மகள். அவள் சித்தி சாவுக்கு அவள் பாடிய ஒப்பாரியை அந்தப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள். கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது, சத்தமே இல்லாமல். அவளுடைய தம்பி மனைவி அடுப்படியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "டவுன்ல சம்பளம் வாங்கிப் பாடினவங்க. சும்மா பாடச் சொன்னா வருமா? பெத்தவளுக்கு ஒரு வரி இல்ல. ஊமையைப் பெத்திருந்தாகூட அம்மான்னு கதறியிருக்கும்."

நான் அண்ணியை முழங்கையால் இடித்தேன்.

"மாட்டேன்டி" என்றாள் காதோடு. "அழுகை வர வேண்டிய எடத்துல குரல் வேற பக்கம் போயிடுச்சுன்னா? அம்மாவை நக்கல் பண்ணின மாதிரி ஆயிடும். எனக்கே தெரியாது, கேக்கறவங்களுக்குத்தான் தெரியும். வேணாம் மைனா."

பாடாமலே அவளைப் புதைத்தார்கள். அது முடிந்துபோன விஷயம். எந்தக் கமிஷன் கூடினாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அடுத்த செப்டம்பரில் தொக்தோர் என்று ஒரு கிழவர் காது அறைக்கு வந்தார். இடையர். குதிரை உதைத்து மண்டையில் நாலு தையல். அன்றைக்கும் நடையில் கூட்டம், அன்றைக்கும் பழகும் சுற்று இல்லை. கிழவர் பெட்டியை மடியில் வைத்து, கண்ணை மூடி, டக் டக்கென்று அழுத்தினார். எண் வந்தது. அறுபதில் நான்கு.

பேனா என் கையில் நின்றுவிட்டது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு லாரிக்காரன் வந்திருந்தான். முழுக் குடி. செவிக்குமிழை மாட்டியதுமே தூங்கிவிட்டான், நான் தட்டித் தட்டி எழுப்ப, கண்டபடி அழுத்தினான். அவனுக்கு இருபத்தொன்பது. கேட்காமலே அழுத்தினவனுக்கு அறுபதில் பாதி. அதுதானே கணக்கு? சோழி உருட்டினாலும் பாதி விழும். அப்படியிருக்க, நான்கு எடுக்க வேண்டுமென்றால்?

"ஐயா, நீங்க கொமுஸ் வாசிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வாசிக்காம? குளிர்காலம் பூரா வேற என்ன வேலை மகளே?"

"சத்தம் மெல்லிசானப்ப எந்த அம்பை அழுத்துனீங்க?"

"கீழ போற அம்பை."

"ஏன் ஐயா?"

கிழவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உதை வாங்கியது தனக்கா எனக்கா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். இல்லாத கொமுஸை மடியில் நிறுத்தி, இடது கையைத் தோள் உயரத்தில் பிடித்து, மெல்லக் கீழே வயிற்றுப் பக்கம் இறக்கிக் காட்டினார்.

"மெல்லிசு இங்க கீழதானே இருக்கு? தடி மேல, தலைமாட்டுல. கை இறங்க இறங்க மெல்லிசாகும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது வெந்நீர்க் குடுவை. ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு காலையும் என் மூக்குக்கு நேரே ஒரு சொட்டுச் சிந்தாமல் நிரம்பிய குடுவை.

நடையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"டாக்டர், குடிச்சிட்டுத் தூங்கினவன் இருபத்தொன்பது எடுத்தான். எங்க அண்ணி மூணு. குடிகாரனைவிட இவ்வளவு மோசமா எடுக்கணும்னா காது எவ்வளவு நல்லா இருக்கணும்? யோசிச்சீங்களா?"

"என்ன சொல்ற கெரெஸ்? நாப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா பாதிப்புன்னு புத்தகத்துல இருக்கு. மூணு நாப்பத்தஞ்சுக்குக் கீழதானே?"

"ஐம்பத்தேழு தடவை தப்பா அழுத்த, ஐம்பத்தேழு தடவை சரியா கேட்டிருக்கணும் டாக்டர்! அவங்க கைக்கு மெல்லிசு கீழ இருக்கு. உங்க பெட்டிக்கு மேல இருக்கு. அவ்வளவுதான். பச்சை விளக்கு ஒரு தடவை எரிஞ்சிருந்தா அன்னிக்கே மாத்திப் பிடிச்சிருப்பாங்க. ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷம் குடுத்தீங்களா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "வெளிய முப்பது பேர் இருந்தாங்க" என்றார். அது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். "உங்க சீட்டைப் புதுப்பிக்கணுமாம், கையெழுத்து வேணும்" என்று பொய் சொல்லி மறுநாள் அழைத்து வந்தேன். பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"திரும்பியும் எதுக்குடி? செத்தவளை எத்தனை தடவை புதைப்பீங்க?"

"ஒரே ஒரு தடவை அண்ணி. எனக்காக."

உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அவள் மடியில் வைத்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். டக், டக், டக். ஆறு நிமிஷம். கண்ணாடியில் எண் தலைகீழாகத் தெரிந்தது. பெட்டியைத் திருப்பி டாக்டருக்கு நேரே நீட்டினேன். ஐம்பத்தெட்டு.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கருவியைத் தலைகீழா பிடிச்சு எடுத்த முடிவு செல்லாது. கமிஷன் ஜனவரியில கூடும், அங்க எழுதிக் கேக்கணும். நான் என் பக்கத்துல இருந்து எழுதறேன்."

"செல்லாதா? அவங்க காதை மூணு மார்க்குக்குத் தூக்கிப் போட்டீங்களே, அது செல்லும். இது செல்லாதா?" என்று நான் கத்தியது கீழ்மாடி வரை கேட்டதாம். அன்றைக்கு என்மேல் எழுதிய புகார் இன்னும் கோப்பில் இருக்கிறது.

அண்ணி கத்தவில்லை. கிழவர் கையை இறக்கிக் காட்டியதை நான் சொல்லச் சொல்ல, அவள் இடது கையும் தானாகத் தோளிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. ஒருதரம், இன்னொருதரம். பிறகு டாக்டர் மேசையில் இருந்த பழைய படிவத்தைக் கேட்டு வாங்கினாள். விரலால் அந்த எண்ணைத் தொட்டாள்.

"இது யார் கையெழுத்து?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறைகளை எல்லாம் நான் எழுத எழுத ஒட்டியவளே அவள்தான். படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள். வீட்டில் அலமாரியை அவள் நகர்த்தும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து மூன்று வாரம் என்னை மைனா என்றும் கூப்பிடவில்லை, எப்படியும் கூப்பிடவில்லை.

அக்டோபரில் அவள் அம்மாவின் ஆண்டு நினைவு விருந்து. அன்றைக்கு ஒப்பாரி பாடி முடித்துத் துக்கம் கழிப்பார்கள். அதோடு செத்தவளுக்காகப் பாட இனி இடம் கிடையாது. நாங்கள் சம்பந்தி வீடு என்பதால் கூடாரத்துக்குள் நடுவில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம். தம்பி மனைவி பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக் தட்டை வைக்கும்போது, "இந்த வருஷமாவது வாய் திறக்குமா?" என்று யாரிடமோ முணுமுணுத்தாள்.

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முதுகு மட்டும் அசைந்தது. பிறகு ஆரம்பித்தாள்.

அந்தக் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல? அடியில், மண்ணுக்குள்ளிருந்து வருகிற தடியில் ஆரம்பித்தது. நூலாக இழைந்து இழைந்து மெல்லிசாகிக் கூடார உச்சியின் வட்டத் திறப்பு வழியாக வெளியே போனது. குதிரைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது, எங்கே நடுங்க வேண்டுமோ அங்கே நடுங்கியது. தம்பி மனைவி தட்டோடு நின்றபடி அழுதாள்.

முதலில் அம்மாவின் கையைப் பாடினாள், அவள் கறந்த பாலைப் பாடினாள். பிறகு ஒரு வருஷம் தான் ஊமையாக இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

*நீ கொடுத்த காதை நம்பாமல்*
*பெட்டி கொடுத்த எண்ணை நம்பினேன் தாயே.*
*உன் வாசலில் ஊமையாய் உட்கார்ந்தேன்*
*உன் முகம் மூடும்வரை உட்கார்ந்தேன் தாயே.*

டாக்டர் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். சப்பார் பெயரையும் சொல்லட்டும். குமிஸ் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் அவர்களைத் தொடவே இல்லை.

*அவர்கள் என்னை அறியாதவர்கள் தாயே*
*அறியாதவர் சொன்னால் ஆறிவிடும்.*
*ஒரு தட்டில் என்னோடு உண்டவள் இருந்தாள்*
*என் குடுவை வழியாததைக் கண்டவள் இருந்தாள்.*
*கண்டவள் கெரெஸ், சொல்லாதவள் கெரெஸ்*
*மூன்று என்று எழுதியவள் கெரெஸ், தாயே.*

கூடாரத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பாட்டுக்காக இல்லை. மருமகள் நாத்தனார் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அந்த மூன்று தடவைதான். மூன்று தடவையும் தடியில் ஆரம்பித்து மெல்லிசில் முடிந்தது. எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில் விழுந்தது. அதில் மயிரிழை பிசகு இல்லை.